தரைப்பலகைக்குக் கீழே

என் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். எப்போதும் ‘ஏல’தான். சாப்பிட வரச் சொன்னாலும் ஏல, ரேங்க் கார்டை எடுத்து வரச் சொன்னாலும் ஏல, வெளியூர் போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் ஏல. அந்த ஒரு சொல்லுக்குள் அவர் எதையெல்லாம் வைத்திருக்கிறார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதாகவும் இருக்காது.

2018-இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ வீடியோ கேமில் க்ரேட்டாஸ் தன் மகனை ‘பாய்’ (boy), ‘பாய்’ என்று அதட்டிக்கொண்டே இருப்பதை ஊர் உலகமெல்லாம் மீம் போட்டுச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் ‘பாய்’ தம்பியும் இல்லை, பையாவும் இல்லை. சுத்தமான ஏல.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. க்ரேட்டாஸை நான் முதலில் பார்த்தது 2007 வாக்கில், பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கேம் சென்டரில். மணிக்கு 20 ரூபாய். பிளேஸ்டேஷன் 2, திருட்டு டிவிடி, பித்தான் தேய்ந்துபோன கன்ட்ரோலர். மொட்டைத் தலை, சுண்ணாம்பு பூசியது போல வெளுத்த உடம்பு, அதில் சிவப்பாகப் பச்சை குத்திய கோடு. இரண்டு முன்கைகளிலும் சங்கிலி சுற்றியிருக்கும், சங்கிலி நுனியில் தீப்பிடித்த கத்திகள். வருகிறவன் போகிறவனையெல்லாம் வெட்டுவான். கடவுள் என்றும் பார்க்க மாட்டான். அதுதான் விளையாட்டே. கதை சொல்லும் காட்சி வந்தால் நாங்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவோம்.

டீக்கடையில் நாங்கள் தவறவிட்ட கதை இதுதான். க்ரேட்டாஸ் ஸ்பார்ட்டா நாட்டுத் தளபதி. ஒரு போரில் தோற்றுச் சாகப் போகும் நேரத்தில், போர்க் கடவுள் ஏரீஸைக் கூப்பிட்டு, என் எதிரிகளை அழித்துக் கொடு, என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். ஏரீஸ் கத்திகளைக் கொடுக்கிறான், ஆளையும் எடுத்துக்கொள்கிறான். பிறகு ஒரு நாள் ஒரு கிராமத்தின் மேல் ஏவிவிடுகிறான். க்ரேட்டாஸ் வெறி பிடித்து, யார் எவர் என்று பார்க்காமல், அங்கிருந்த கோயிலுக்குள் புகுந்து வெட்டுகிறான். வெறி இறங்கிப் பார்த்தால் கீழே கிடப்பது மனைவி லைசாண்ட்ரா, பக்கத்தில் சின்ன மகள் கலையோப்பி. குடும்பப் பாசம் அறுந்தால்தான் முழு வீரன் ஆவான் என்று ஏரீஸ் செய்த ஏற்பாடு அது. அந்த ஊர்க் குறிசொல்லி ஒரு சாபம் விடுகிறாள்: செத்தவர்களின் சாம்பல் இவன் தோலில் ஒட்டிக்கொள்ளட்டும், இனி உரியவே கூடாது.

நாங்கள் ஸ்டைல் என்று நினைத்திருந்த வெள்ளை நிறம், அவன் பெற்ற பிள்ளையின் சாம்பல்.

பத்தொன்பது வயதில் யாராவது இதை எனக்குச் சொல்லியிருந்தாலும் ‘அப்படியா’ என்றுவிட்டு அடுத்த லெவலுக்குப் போயிருப்பேன். இதே வரிசையில் 2008-இல் பிஎஸ்பி என்கிற கையடக்கக் கருவிக்காக ‘செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ என்று ஒரு பகுதி வந்தது. என் மகள் பிறந்த பிறகுதான் அதை விளையாடினேன், பழைய பிஎஸ்பி ஒன்று கைமாற்றாக வந்ததால். அதில் க்ரேட்டாஸுக்குச் செத்துப்போன மகள் திரும்பக் கிடைக்கிறாள், பாதாள உலகத்தில் நல்ல ஆத்மாக்கள் இருக்கும் இடத்தில். அவளோடு இருக்க வேண்டுமென்றால் உன் சக்தியெல்லாவற்றையும் விட்டுவிடு என்கிறாள் பாதாள உலகத்து ராணி பெர்செஃபோனி. விட்டுவிடுகிறான். மகளைத் தூக்கிக்கொள்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, இந்த இடைவெளியில் பெர்செஃபோனி உலகையே தாங்கும் தூணை இடிக்க ஏற்பாடு செய்துவிட்டாள் என்று. தூண் விழுந்தால் மகள் இருக்கும் அந்த இடமும் சேர்ந்து போகும். தடுக்கச் சக்தி வேண்டும். சக்தி வேண்டுமென்றால் மகளை விட்டு மறுபடி பழைய கொலைகாரனாக வேண்டும்.

இதை வெறும் காட்சியாகக் காட்டிவிட்டுப் போயிருந்தால் பார்த்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அது வீடியோ கேம். கலையோப்பி அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். திரையில் ஒரு பித்தானின் படம் வருகிறது. இதை அழுத்து, அழுத்திக்கொண்டே இரு என்கிறது. இத்தனை நேரம் பூதங்களின் கழுத்தைத் திருக அழுத்திய அதே அழுத்தல், இப்போது மகளைத் தள்ளிவிட. ஒரு தடவை அழுத்தினால் போகமாட்டாள். அவள் மறுபடி ஒட்டிக்கொள்வாள். நீங்கள் மறுபடி தள்ள வேண்டும்.

நான் கருவியைத் தலையணை மேல் வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பக்கத்து அறையில் என் மகள் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போய்ப் போர்வையைச் சரிசெய்தேன், அது சரியாகத்தான் இருந்தது என்றாலும்.

சரி, 2018-க்கு வருகிறேன். இதை இயக்கிய கோரி பார்லாக்தான் 2007-இல் இரண்டாம் பாகத்தை இயக்கியவர். இடைப்பட்ட காலத்தில் அவரும் தகப்பனாகியிருந்தார். அந்த வித்தியாசம் கேமில் அப்பட்டமாகத் தெரிகிறது. களம் கிரேக்கம் இல்லை, வடக்கே நார்ஸ் புராணங்களின் பனிநாடு. க்ரேட்டாஸுக்குத் தாடி வளர்ந்துவிட்டது. கத்திகள் இல்லை, கையில் ஒரு கோடாரி. இன்னொரு மனைவி, ஃபே. கேம் தொடங்கும்போதே அவள் இறந்துவிட்டாள். தன் சாம்பலை உலகங்களிலேயே உயரமான சிகரத்திலிருந்து தூவ வேண்டும் என்பது அவள் கடைசி ஆசை. சாம்பல் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மகன் ஏட்ரேயஸைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறான். மொத்தக் கதையும் அவ்வளவுதான். உடம்பெல்லாம் முதல் குடும்பத்தின் சாம்பல், இடுப்பில் இரண்டாம் மனைவியின் சாம்பல், பக்கத்தில் உயிரோடு நடந்து வரும் ஒரே ஆள் அந்தப் பையன்.

கேமில் க்ரேட்டாஸ் முதலில் செய்யும் வேலை ஒரு மரத்தை வெட்டுவது. சிதைக்கு விறகு வேண்டும். மரத்தில் பொன்னிறத்தில் ஒரு கைத்தடம், ஃபே வைத்துவிட்டுப் போனது. அதன் மேல் தன் கையை ஒரு கணம் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுகிறான். இந்தந்த மரங்களை வெட்டு என்று அவள் குறித்து வைத்திருக்கிறாள் என்றுதான் அவன் நினைக்கிறான். அந்தக் குறியிட்ட மரங்கள் சேர்ந்துதான் அந்த வீட்டைச் சுற்றி வேலி போல ஒரு காப்பாக நின்றன என்று பிற்பாடு தெரிய வருகிறது. அத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்த வீட்டின் காப்பைத் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்துவிட்டான்.

இந்தக் ‘கை’ விஷயத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மான் வேட்டை. பையன் அவசரப்பட்டு அம்பு விடுகிறான், தவறுகிறது. அப்பன் வில்லைப் பிடுங்கிக்கொண்டு கத்துகிறான். பையன் மன்னிப்புக் கேட்டால் அதற்கும் திட்டு: வருத்தப்படாதே, திருந்து. ஒரு வழியாக மானை வீழ்த்துகிறார்கள். உயிர் இன்னும் போகவில்லை. கத்தியால் முடிக்க வேண்டும். பையனால் முடியவில்லை. க்ரேட்டாஸ் அவன் கைமேல் தன் கையை வைத்து அழுத்துகிறான். முடிந்தபின் பையன் உட்கார்ந்து நடுங்குகிறான். க்ரேட்டாஸின் கை மெதுவாக எழுந்து பையனின் முதுகுப் பக்கம் போகிறது. தொடப் போகிறது. தொடவில்லை. அப்படியே திரும்பிவிடுகிறது.

இதைப் பலரும் ‘பாசத்தைக் காட்டத் தெரியாத அப்பா’ என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அது போதாது. பாசம் காட்டத் தெரியாதவன் கையை அவ்வளவு தூரம் கொண்டுபோக மாட்டான். அந்தக் கை ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கொன்ற கை. அவனுக்கு எதிரிகளைப் பற்றிப் பயம் கிடையாது. செத்துப் பாதாளத்துக்குப் போய் அங்கிருந்து ஏறி வந்தவன், ஒலிம்பஸ் மலையையே காலி செய்தவன். பிள்ளை பறிபோய்விடுமோ என்று நினைக்கும்போது அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் கொலைகாரன் வேறு யாருமில்லை, அவனேதான்.

இந்த இடத்தில் என் அப்பாவைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு எட்டு வயது. வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தோம். நினைத்துப் பாருங்கள் அந்தக் கூட்டத்தை. செருப்பு போடும் இடத்தில் டோக்கன் வாங்க அப்பா என் கையை விட்டார். அவ்வளவுதான். நான் ஒரு காவடியின் பின்னால் போய்விட்டேன். மயில்பீலி ஆடிக்கொண்டே போனது, நானும் போனேன். திரும்பிப் பார்த்தால் எல்லாமே வேட்டிகள். அழுதேனா என்று நினைவில்லை. கடற்கரை மணலில் ஒரு பலகாரக்காரம்மா என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் யார் யாரோ காணாமல் போன அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றரை மணி நேரம் என்று பிறகு சொன்னார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். என்னைப் பார்த்தார். “எங்கல போன?” என்று கேட்டுக்கொண்டே ஓங்கி ஓர் அறை. பலகாரக்காரம்மா, “என்ன மனுசன்யா நீ, புள்ள கெடச்சிருக்கு, சாமிக்குத் தேங்கா ஒடைக்காம அடிக்க” என்று எழுந்தேவிட்டார். அப்பா அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ் ஏறி, நெல்லையில் இறங்கி, வீட்டு வாசல் வரை அந்தப் பிடியை விடவில்லை. வலித்தது, சொல்லப் பயம். வழியில் எப்போது வாங்கினாரோ, மறு கையில் ஒரு பனையோலைப் பொட்டியில் சில்லுக்கருப்பட்டி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

தொலைந்து கிடைத்த பிள்ளைக்கு முதலில் விழுவது அறைதான் என்பதை நம் ஊரில் வளர்ந்த யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறை எனக்கு விழுந்ததே தவிர என்மேல் வந்த கோபம் அல்ல என்று புரிய முப்பது வருடம் ஆனது. டோக்கனுக்காக விட்ட கையும் அறைந்த கையும் ஒன்றுதான்.

சரி, கேமுக்குத் திரும்புகிறேன். வேட்டையிலிருந்து வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. ஒல்லியாக ஒருவன், பார்த்தால் ஒரு தள்ளுக்குத் தாங்க மாட்டான் போல. வம்புக்கு இழுக்கிறான். காப்பு விழுந்துவிட்டதால் இடத்தைக் கண்டுபிடித்து வந்தவன். க்ரேட்டாஸ் முதல் காரியமாகப் பையனைத் தரைப்பலகைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளச் சொல்கிறான். அப்புறம் நடக்கும் சண்டையில் மலை பிளக்கிறது, மரங்கள் சாய்கின்றன, அதை விட்டுவிடுகிறேன்.

கதை பாதி தாண்டிய பிறகு க்ரேட்டாஸ் மறுபடி அந்த வீட்டுக்குத் தனியாக வருகிறான். தரையைத் திறக்கிறான். உள்ளே துணியில் சுற்றி வைத்திருக்கிறது அந்தப் பழைய கத்திகள், ஏரீஸ் கொடுத்தவை, மனைவியையும் மகளையும் வெட்டியவை. அத்தனை வருடம் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. இதைப் பார்த்த இரவுதான் எனக்குப் பொறி தட்டியது. உலகத்திடமிருந்து காப்பாற்ற நினைத்த மகனையும், மகனிடமிருந்து மறைக்க நினைத்த கத்திகளையும் இந்த ஆள் ஒளித்து வைத்த இடம் ஒன்றே. அந்த வீட்டில் வேறு இடமும் இல்லை, பாவம்.

எதற்காகத் திறக்கிறான் என்பதைச் சொல்ல வேண்டும். பையன் விழுந்துவிட்டான். இடிக் கடவுள் தோரின் மகன் ஒருவன் பையனின் அம்மாவைப் பற்றி ஏதோ இழிவாகச் சொல்ல, பையனுக்கு ஆத்திரம் பொங்கி, அப்படியே சுருண்டு விழுந்து, நினைவில்லை. க்ரேட்டாஸ் அவனைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் தனியாக வாழும் ஃப்ரேயாவிடம் ஓடுகிறான். அவள் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: இது சாதாரண நோய் இல்லை, அவன் பிறப்பே பிரச்சினை. அவன் தெய்வப் பிறவி, ஆனால் தன்னை மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கிறான், அந்த முரண்தான் உள்ளுக்குள் தின்கிறது. மருந்துக்கு வேண்டியது ஹெல்ஹைமில் இருக்கிறது, இறந்தவர்களின் உலகம், எதுவும் எரியாத குளிர். உன் கோடாரியின் பனி அங்கே செல்லாது, நெருப்பு வேண்டும் என்கிறாள். அவனிடம் இருக்கும் நெருப்பு ஒன்றே ஒன்றுதான்.

கவனியுங்கள், நோய்க்குக் காரணம் அப்பன் சொன்ன பொய். நீ கடவுள் என்று சொல்லாமல் விட்டதே அவனைக் காப்பாற்றத்தான். என் ரத்தத்தில் இருப்பது உனக்கு வேண்டாம் என்றுதான். மறுபடியும் அதே கை.

வீட்டுக்குப் போகப் படகு ஏறுகிறான். இந்தக் கேமை விளையாடியவர்கள் இந்தப் பயணத்தை மறக்க மாட்டார்கள், சண்டையே இல்லாத பயணம். அதுவரை படகில் போகும்போதெல்லாம் பையன் தொணதொணவென்று பேசிக்கொண்டே வருவான். கதை சொல்லச் சொல்வான். க்ரேட்டாஸ் உலகத்திலேயே மோசமாகக் கதை சொல்கிற ஆள், ஈசாப்பின் கதையைக்கூட ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி சொல்லி முடிப்பான். எனக்கே சில சமயம், கொஞ்சம் சும்மா இருடா என்று தோன்றியிருக்கிறது. இப்போது படகில் முன் இருக்கை காலி. மழை, இடி, துடுப்புச் சத்தம். சண்டைகளில் ஒரு பித்தானை அழுத்தினால் பையன் அம்பு விடுவான், கை அதற்குப் பழகிப்போயிருக்கும். இப்போது அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இந்தக் கேம் முழுவதும் கேமரா ஒரே ஷாட்டாக, வெட்டே இல்லாமல் போகிறது என்று பெரிதாகப் பேசினார்கள். அதன் பலன் எனக்குத் தெரிந்தது இங்கேதான். படம் என்றால் வெட்டிவிட்டு வீட்டைக் காட்டியிருப்பார்கள். இங்கே துடுப்புப் போட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு துடுப்பையும் நானே.

அப்போது, ஒரு காலத்தில் அவனை ஏவிய கிரேக்கத் தெய்வம் ஏதீனாவின் உருவம் வருகிறது. நீ தகப்பனாகவோ குருவாகவோ நடிக்கலாம், என்றைக்கும் நீ ஒரு அரக்கன்தான் என்கிற மாதிரி சொல்கிறது. அவன் மறுக்கவில்லை. தெரியும், ஆனால் இனி உன் அரக்கன் இல்லை என்கிறான். பையனுக்காகக் கத்தியை எடுக்கிறான். கைகளில் துணி சுற்றியிருந்த இடத்தில் பழைய சங்கிலித் தழும்பு, அதன் மேலேயே சங்கிலி.

என் மகளுக்கு ஆறு வயதில் டெங்கு வந்தது. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது, நாங்கள் சந்தோஷப்பட்டோம். காய்ச்சல் இறங்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி உடனே அட்மிட் பண்ணச் சொன்னார். காலையும் மாலையும் ரத்தம் எடுப்பார்கள். தட்டணுக்கள் 90 ஆயிரம், அப்புறம் 58 ஆயிரம், அப்புறம் 41. அந்த எண்களை நான் ஒரு காகிதத்தில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எழுதிக்கொண்டே வந்தேன். பிள்ளை கஞ்சி வேண்டாம் என்று தலையை ஆட்டும், இளநீர் வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்ளும். எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “குடி. அழுதா சரியாப் போயிருமா? குடி.” வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள், “அப்பா, ஏன் திட்டுற?” என்றாள். என் மனைவி டம்ளரை வாங்கிக்கொண்டு, “நீங்க கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க” என்றாள்.

வெளியே நின்றேன். அன்று மத்தியானம் எங்கள் தெருவுக்குக் கொசு மருந்து அடிக்க வந்தவர், எங்கள் மொட்டை மாடியில் பூந்தொட்டிகளின் அடித்தட்டைச் சாய்த்து என்னிடம் காட்டியிருந்தார். தெளிந்த தண்ணீர், அதில் நெளிந்துகொண்டிருந்த புழுக்கள். இந்தக் கொசு சாக்கடையில் முட்டை போடாது சார், நல்ல தண்ணியிலதான் போடும் என்றார். அந்தத் தொட்டிகள் நான் ஆசைப்பட்டு வாங்கி வைத்தவை. தினமும் காலையில் நானே தண்ணீர் ஊற்றியவை.

ஆறாம் நாளிலிருந்து எண்கள் ஏறின. இப்போது எட்டு வயது, நன்றாக இருக்கிறாள். தொட்டிகளை யாருக்கோ கொடுத்துவிட்டேன். எந்தக் கொசு எங்கே கடித்தது என்று யாருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில்கூடக் கடித்திருக்கலாம் என்று மனைவி சொல்வாள். சொல்லட்டும்.

க்ரேட்டாஸைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃப்ரேயாவை ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். என் கணக்கில் இந்தக் கேமின் பயங்கரம் அவள்தான். அன்பானவள், பையனுக்கு வைத்தியம் பார்த்தவள், முகம் பார்த்துப் பேசுகிறவள். க்ரேட்டாஸ் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு இளகியவள். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினானே ஒல்லி ஆள், பால்டர், அவன் இவள் மகன். அவன் தேவையில்லாமல் சாவான் என்று முன்னறிவு வந்ததும், எதுவுமே அவனைத் தொட முடியாதபடி மந்திரம் போட்டுவிட்டாள். நார்ஸ் மூலக்கதையில் தாய் ஃப்ரிக் உலகத்துப் பொருள்களிடமெல்லாம் இவனுக்குத் தீங்கு செய்ய மாட்டோம் என்று சத்தியம் வாங்குவாள், புல்லுருவியை மட்டும் சிறுசு என்று விட்டுவிடுவாள், அதுவே அவனைக் கொல்லும். கேமில் ஃப்ரிக்கும் ஃப்ரேயாவும் ஒருத்தியே. அந்த மந்திரத்துக்கு ஒரு விலையையும் சேர்த்திருக்கிறார்கள்: வலி தெரியாது, ஆகவே எதுவுமே தெரியாது. சோற்றின் ருசி, வெயில், குளிர், ஒரு பெண்ணின் தொடுகை, எதுவும். அவன் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். நீ செத்துப்போவதற்கு இது மேல், நாளைக்கு எனக்கு நன்றி சொல்வாய் என்றிருக்கிறாள். பைத்தியமாகிவிட்டான். கதவைத் தட்டியவன் சண்டைக்கு ஏங்கியது எதற்கென்று அப்போதுதான் விளங்குகிறது. யாராவது தன்னை வலிக்க வைக்க மாட்டார்களா என்றுதான்.

கடைசியில் அவனுக்கு வலி திரும்பும் விதம் அழகு. பையனின் அம்பறாத்தூணி வார் அறுந்துபோனதற்கு ஒரு புல்லுருவி அம்பின் முனையைச் செருகி ஒட்டுப்போட்டிருப்பார்கள். பால்டர் பையனைக் குத்த, அது அவன் கையில் ஏறிவிடுகிறது. ரத்தம் வருகிறது. அவன் சிரிக்கிறான். தன்னைக் கொல்லக் காரணமாகப் போகும் காயத்தைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரிக்கிறான். பிறகு அம்மாவின் கழுத்தை நெரிக்கப் போகிறான். அவளோ, இதனால் உனக்கு ஆறும் என்றால் செய் என்று நிற்கிறாள். க்ரேட்டாஸ் குறுக்கே வந்து அவன் கழுத்தை முறிக்கிறான். காப்பாற்றப்பட்ட தாய் க்ரேட்டாஸைச் சபிக்கிறாள், உன் மேல் எல்லா வேதனையையும் பொழிவேன் என்று. மகன் உடலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அங்கேதான் க்ரேட்டாஸ் வாயைத் திறக்கிறான். நான் என் அப்பாவைக் கொன்றவன் என்று மகனிடம் சொல்கிறான். பையன் கேட்கிறான், கடவுள் என்றால் இப்படித்தானா, பிள்ளைகள் பெற்றவர்களைக் கொல்வதுதான் எப்போதும் முடிவா என்று. என்னைக் கேட்டால் அந்தத் தரைப்பலகை உண்மையில் திறந்தது இங்கேதான். கத்தியை எடுத்தபோதுகூட இல்லை.

சிகரத்துக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே சுவரில் இவர்களின் பயணம் முழுக்க முன்னமே சித்திரமாக வரையப்பட்டிருக்கிறது. பையன் முன்னால் போய்விட, க்ரேட்டாஸ் கடைசியாக ஒரு திரைத்துணியை விலக்கிப் பார்க்கிறான். அவன் செத்துக் கிடக்கிறான், மகன் மடியில். சாவு அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பையன்? மகனிடம் இதைச் சொல்லவில்லை. பழக்கம் விடுமா.

2022-இல் வந்த தொடர்ச்சி ‘ராக்னராக்’ பற்றி நீளமாக எழுத எனக்கு ஆசை இல்லை. ஆட்கள் ரொம்பப் பேசுகிறார்கள், எல்லோருமே மனநல ஆலோசனைக்குப் போய்வந்த மாதிரி. ஆனால் ஓர் இடம் இருக்கிறது. முதல் கேமில் எதிரியின் வேதனைக்கு மனதை மூடிக்கொள் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பான். இதில் பெரும்போரின் நடுவில், எதிரிகள் கேடயமாக நிறுத்திய அப்பாவி மக்களைப் பார்த்துப் பையன் பழைய பாடத்தையே ஒப்பிக்கப் போகிறான். க்ரேட்டாஸ் நிறுத்தி, நான் சொன்னது தப்பு, அவர்கள் வேதனைக்கு மனதைத் திற என்கிறான். நான் சொன்னது தப்பு. எங்கள் தெருவில் எந்த அப்பாவும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். முடிவில் பையன் தன் வழியில் போக வேண்டும் என்கிறான். இந்தத் தடவை அந்தக் கை பாதியில் நிற்கவில்லை. கட்டிப்பிடிக்கிறான், பிறகு விடுகிறான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் பேச்சுவாக்கில் திருச்செந்தூர்க் கதையை எடுத்தேன், அந்த அறையைச் சொல்லிச் சிரித்தபடி. அம்மா சிரிக்கவில்லை. உனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். அன்றைக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப் போலீஸ்காரர், பிள்ளை என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று கேட்டாராம். அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் அவரே கையைப் பிடித்துக் கூட்டி வந்த பிள்ளை. நீலமா, வெள்ளையா, கட்டமா, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. “என்ன கலருன்னு தெரியலயே சார், என்ன கலருன்னு தெரியலயே” என்று அந்தப் பந்தலில் நின்று அழுதாராம். சட்டையின் நிறம் இல்லாமலே அறிவித்திருக்கிறார்கள். அதனால்தான் ஒன்றரை மணி நேரம்.

மறுநாள் காலை சென்னைக்குக் கிளம்பினோம். அப்பா வாசல் வரை வந்து நின்றார். நான் பையைத் தோளில் மாட்டும்போது வழக்கம் போல அவர் பார்வை என் கழுத்துக்குக் கீழே வந்து ஒரு கணம் நின்றது. இத்தனை வருடமாக, பித்தான் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் குனிந்து என் மகளின் சட்டையைப் பார்த்தார்.

“போய் இறங்குனதும் போன் பண்ணுல” என்றார்.